கிளிமூக்கு விமானத்தைக் காணவில்லை

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குள் ஒரு விமானத்தைக் கண்டுபிடித்தாக வேண்டும். சாவியைத் தொலைத்தவன் சட்டைப் பையைத் தடவலாம். விமானத்தைத் தொலைத்தவன் எதைத் தடவுவது? சாத்தாம்பொட்டல் விமானப் பயிற்சிக் கழகத்தின் மாணவர்கள் மூன்று பேர், புதன்கிழமை காலை ஆறரை மணிக்கு, ஆனைமுதுகு மலையடிவாரத்து வனத்துறைச் சாவடியில் நின்று ஒரு வரைபடத்தைத் தடவிக்கொண்டிருந்தார்கள்.

தொலைத்தவன் திருமேனி. இருபது வயது, சங்கரன்கோவில்காரன். போன புதன்கிழமை காலை கழகத்தின் இரண்டு இருக்கை விமானத்தைத் தனியாக ஓட்டிக்கொண்டு மலையை ஒட்டி வடக்கே போனான். அந்த விமானத்துக்குப் பச்சை உடம்பு, சிவப்பு மூக்கு. ஆகவே கழகத்தில் எல்லோருக்கும் அது கிளிமூக்கு. மூணாம்பாறை உச்சிக்கு மேலே அதன் எஞ்சின் நின்றது. கீழே மேகம், சுற்றிலும் மலை. மேகத்தின் ஓட்டையில் தெரிந்த ஒரு புல்வெளியில் திருமேனி அதை இறக்கினான். மறுநாள் மாலை, உடம்பெல்லாம் அட்டைக்கடியோடும் சுளுக்கிய காலோடும், வடக்கே ஓர் எஸ்டேட் ரோட்டில் வெளிப்பட்டான். விமானம் வெளிப்படவில்லை.

மோதினால் தானாகவே அபாயக் குறி அனுப்பும் கருவி ஒன்று விமானத்தில் உண்டு. அது வாயைத் திறக்கவில்லை. திருமேனி அவ்வளவு மெதுவாக இறக்கியிருந்தான். கருவி அதை விபத்து என்றே ஒப்புக்கொள்ளவில்லை. அவன் வாழ்நாளில் செய்த மிகச் சிறந்த தரையிறக்கம் அது. பார்த்தவர் யாரும் இல்லை.

"ஏல, உண்மையச் சொல்லு. விமானத்த எவனுக்கு வித்த?" என்று கழகச் செயலாளர் அவனிடம் மூன்று தடவை கேட்டார். மூன்று நாள் ஜீப்பில் தேடியும் ஆள் அனுப்பியும் கிடைக்காததால் அறிக்கை எழுதி வைத்துவிட்டார். 'எரிபொருள் தீர்வதைக் கவனியாமல் பறந்தது மாணவரின் குற்றம். பயிற்சியிலிருந்து நீக்கலாம்.' சென்னையிலிருந்து அதிகாரி வெள்ளிக்கிழமை வருகிறார். கையெழுத்து விழுந்தால் திருமேனி இனிமேல் வானத்தைத் தரையிலிருந்துதான் பார்க்க வேண்டும்.

"ரெண்டு டேங்க்லயும் பாதிக்கு மேல பெட்ரோல் இருந்துச்சு. நானே குச்சி விட்டு அளந்தேன்" என்று திருமேனி சொல்லிக்கொண்டே இருந்தான். அதை நிரூபிக்க ஒரே வழி, டேங்க்கைத் திறந்து காட்டுவது. டேங்க் காட்டுக்குள் இருந்தது.

கூட வந்தவர்கள் இருவர். ஜெசிந்தா, தூத்துக்குடிப் பெண். அப்பா விசைப்படகு ஓட்டுகிறவர். திருமேனி தொலைந்ததற்கு முந்தின நாள் மாலைதான் அவள் முதன்முதலாகத் தனியாகப் பறந்து இறங்கினாள், அதே கிளிமூக்கில். அப்போது எடுத்த படம் அவள் கைபேசியின் முகப்பில் இருந்தது. தலையிலிருந்து கால்வரை நனைந்து, பல் அத்தனையும் தெரியச் சிரிக்கிறாள். முதல் தடவை தனியாகப் பறந்து இறங்குகிறவர் தலையில் வாளித் தண்ணீரை ஊற்றுவது கழகத்தின் வழக்கம். மணி பார்க்கிறேன் என்று சொல்லிக்கொண்டு அவள் ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை அந்தப் படத்தைப் பார்த்தாள்.

இன்னொருவன் மைதீன், மேலப்பாளையம். எழுத்துத் தேர்வு எல்லாவற்றிலும் முதல் மதிப்பெண். தலைமைப் பயிற்சியாளர் கேப்டன் மங்களா சொல்லிக்கொடுத்ததை வரி விடாமல் பின்பற்றுகிறவன். கேப்டன் மங்களா சொல்லிக்கொடுத்தது ஒன்றே ஒன்று: சந்தேகப்படு. எரிபொருள் முள்ளை நம்பாதே, குச்சி விட்டுப் பார். குச்சியை நம்பாதே, துடைத்துவிட்டு மறுபடி விடு. மேகத்துக்குள் போனால் உன் காதையும் வயிற்றையும் நம்பாதே, கருவியைப் பார். ஒரே கருவியை நம்பாதே, பக்கத்துக் கருவியையும் பார். இந்தப் பாடத்தை மைதீன் மனிதர்களுக்கும் விரிவுபடுத்தியிருந்தான். எஞ்சின் நிற்கக் காரணம் யார் என்று அவன் நோட்டில் ஒரு பட்டியல் இருந்தது. முதல் பெயர், கழகத்தில் பெட்ரோல் நிரப்பும் சுடலை அண்ணாச்சி.

"மூணாவதா என் பேரு இருக்கு" என்றாள் ஜெசிந்தா, எட்டிப் பார்த்து.

"திருமேனிக்கு முன்னால கடைசியா அந்த விமானத்த ஓட்டினது யாரு? நீதான. சந்தேகத்துல சிநேகிதம் பாக்கக் கூடாது."

"ரெண்டாவது நான்" என்றான் திருமேனி.

"நீ பொய் சொல்லலாம்ல."

"சரி, ஒம் பேரு எங்க?"

"பட்டியல் எழுதுறவன் பேரு பட்டியல்ல வராது" என்று மைதீன் நோட்டை மூடினான்.

சாவடியில் வேட்டைத் தடுப்புக் காவலர் வேலப்பன் காணி அவர்களுடைய அனுமதிக் கடிதத்தை இரண்டு தடவை படித்தார். பிறகு பையைப் பிரிக்கச் சொன்னார். புளிச்சோறு, அட்டைக்கு உப்பு, கயிறு, திசைகாட்டி, மூன்று காலி பாட்டில், பிடி வைத்த சிறிய பிளாஸ்டிக் குப்பி, கோடு போட்ட ஒரு மரக்குச்சி.

"இது என்னது?"

"எண்ணெய் அளக்குற குச்சி."

"காட்டுல எண்ணெய் எங்க இருக்கு?"

"விமானத்துல."

"விமானம் எங்க இருக்கு?"

"அதான் தெரியல."

வேலப்பன் அவர்களை வெகுநேரம் பார்த்தார். "போன மாசம் ஒருத்தன் மூலிகை தேடி வந்தேன்னான். சந்தனக் கட்டையோட எறங்கினான். நான் கூட வாறேன். உதவிக்குன்னு நெனைக்காதீங்க."

இப்படியாக, யாரும் யாரையும் நம்பாத ஒரு குழு புறப்படத் தயாரானது. புறப்படும் முன்பு ஜெசிந்தா செயலாளரின் தேடல் வரைபடத்தை வாங்கிப் பார்த்தாள். மூணாம்பாறையிலிருந்து வடக்கே எட்டு கிலோமீட்டர், அங்கிருந்து மேற்கே இரண்டு கிலோமீட்டர் என்று சிவப்பு மையில் வட்டம். மூன்று நாள் தேடியது அங்கேதான்.

"வடக்க எட்டு, சரி. எஞ்சின் நின்னப்ப ஐயாயிரத்து ஐநூறு அடி. எறங்கினது ரெண்டாயிரத்து ஐநூறு. நடுவுல மூவாயிரம் அடி" என்றான் மைதீன். "எஞ்சின் நின்னாலும் விமானம் கல்லு மாதிரி விழாது. மூக்க லேசா எறக்கிப் பிடிச்சா மிதந்துக்கிட்டே போகும். நிமிசத்துக்கு எழுநூறு அடி எறங்கும். நாலேகால் நிமிசம். அறுபது நாட், அதாவது மணிக்கு நூத்திப்பத்து கிலோமீட்டர் வேகத்துல, எட்டு கிலோமீட்டர்."

"மூக்கு வடக்கதான இருந்துச்சு?" என்று ஜெசிந்தா திருமேனியிடம் கேட்டாள்.

"திசைகாட்டிய விட்டுக் கண்ண எடுக்கல. வடக்குதான்."

"அப்ப இந்த ரெண்டு கிலோமீட்டர் மேக்க?"

"காத்து. அன்னைக்கு வானிலைச் சீட்டுல எரநூத்தி எழுபது டிகிரி, பதினஞ்சு நாட். எரநூத்தி எழுபதுன்னா மேக்கு. செயலாளர் மேக்க அம்பு போட்டுட்டார்."

ஜெசிந்தா அம்பைப் பார்த்தாள். அவள் முகத்தில் மீன் அழுகிய வாடையை மோந்தது போல ஒரு சுளிப்பு வந்தது.

"லே, சீட்டுல போடுறது காத்து வார திசை. போற திசை இல்ல. எங்கப்பா கச்சான் அடிக்குன்னா மேக்க இருந்து அடிக்குன்னு அர்த்தம். கச்சான்ல பாய விரிச்சாக் கொழும்புக்குப் போவலாம். மலைக்கு ஏற முடியாது."

மைதீன் அந்த அம்பை விரலால் தொட்டுப் பார்த்தான். அந்தப் பாடத்தில் அவன் தொண்ணூற்றெட்டு மதிப்பெண். செயலாளரின் அம்பை மட்டும் ஏன் சந்தேகப்படவில்லை என்று தன்னையே கேட்டுக்கொண்டான் போலிருக்கிறது. நோட்டைத் திறந்து செயலாளர் பெயரைப் பட்டியலில் ஏற்றினான். பிறகு பென்சிலால் கிழக்கே ஒரு புது வட்டம் போட்டான். வட்டத்துக்குள் ஒரு சிறு புல்வெளிக் குறி. அதன் உயரக் கோடு இரண்டாயிரத்து ஐநூறு அடி.

வேலப்பன் எட்டிப் பார்த்தார். "கடமான் பொட்டல். ரெண்டு நாள் நடை. அங்க போறதுக்கு ஒரு வழுக்குப்பாறை தாண்டணும்" என்றவர், திருமேனியின் சுளுக்கிய காலைப் பார்த்துக்கொண்டு சேர்த்தார். "தாண்டினவன் உண்டு. எத்தன பேர்னு கேக்காதீங்க."

முதல் நாள் முழுக்க ஏற்றம். ஈரச் சருகு, மூங்கில், காலில் அட்டை. திருமேனி முகத்தைச் சுளிக்காமல் நொண்டினான். மத்தியானத்துக்குப் பிறகு வேலப்பன் கையைத் தூக்கி எல்லோரையும் நிறுத்தினார்.

"பொறத்தால ஏதோ வருது."

"யானையா?" என்றாள் ஜெசிந்தா மெல்ல.

"யானை இவ்வளவு சத்தம் போடாது. மனுசன்."

நால்வரும் ஒரு பெரிய வேருக்குப் பின்னால் பதுங்கினார்கள். மைதீன் கயிற்றைச் சுருக்குப் போட்டான். திருமேனி எண்ணெய்க் குச்சியை ஓங்கினான். கிளை முறியும் சத்தம் நெருங்கியது; மூச்சு வாங்கும் சத்தமும் கேட்டது. மூங்கிலை விலக்கிக்கொண்டு காக்கிச் சட்டை ஒன்று வந்தது. கையில் ஒரு கண்ணாடி பாட்டில். பாட்டிலில் நீலத் திரவம்.

சுடலை அண்ணாச்சி.

மைதீன் பட்டியலில் முதல் பெயருக்கு அடியில் மனசுக்குள் இரட்டைக் கோடு போட்டான். "அசையாதீங்க அண்ணாச்சி. எதுக்குப் பின்னாலயே வாரீங்க? தடயத்த அழிக்கவா?"

சுடலை பாட்டிலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஒரு பாறையில் உட்கார்ந்தார். "அழிக்கவா? நேத்து ஒன் நோட்டப் பாத்தேம்ப்பா, கேன்டீன் மேசைல தெறந்து கெடந்துச்சு. மொத பேரு என் பேரு. எஞ்சின்ல கோளாறு இல்லன்னா பெட்ரோலுல கோளாறுன்னு சொல்லுவீங்க. பெட்ரோலுன்னா சுடலைன்னு சொல்லுவீங்க. அதான் அன்னைக்கு அடைச்ச அதே பீப்பாயில இருந்து ஒரு பாட்டில் புடிச்சிட்டு வந்துட்டேன். விமானத்துல இருக்கதையும் இதையும் பக்கத்துல வச்சுப் பாருங்க. நீங்க மட்டும் போய்ப் பாத்து, நீங்களே ஒரு கத கட்டிட்டு வந்துருவீங்க. எனக்கு ஒங்க மேல சந்தேகம்."

"வனத்துறை அனுமதி இருக்கா?" என்றார் வேலப்பன்.

"சாவடில கையெழுத்துப் போட்டுட்டுத்தான் வாறேன். அங்க இருந்த காவலரு நீங்க போற வழியவும் காட்டிவிட்டாரு. ஒங்க மேல அவருக்கும் சந்தேகம்."

அதன்பிறகு ஐந்து பேராக நடந்தார்கள். மைதீன் சுடலையை முன்னால் நடக்கவிட்டுப் பின்னால் வந்தான். சுடலை அடிக்கடி திரும்பிப் பார்த்துக்கொண்டு வந்தார். அன்று மாலை வேலப்பன் காட்டிய பாறைக்குகையில் ஒதுங்கினார்கள். புளிச்சோற்றை ஐந்தாகப் பிரித்ததில் யாருடைய பங்கு பெரிது என்பதில்கூட ஒருவருக்கொருவர் சந்தேகம் இருந்தது.

வியாழக்கிழமை காலை வழுக்குப்பாறை வந்தது. சரிவான ஒரே பாறை. மேலிருந்து ஓடை நீர் மெல்லிய தகடு போல வழிந்துகொண்டிருந்தது. பாசி. கீழே நாற்பது அடியில் கற்கள். குறுக்கே இருபது தப்படி நடந்தால் அந்தப் பக்கம்.

வேலப்பன் வெறுங்காலோடு பல்லி மாதிரி தாண்டிப் போய்க் கயிற்றின் ஒரு முனையை மரத்தில் கட்டினார். இந்தப் பக்க முனையைச் சுடலை எடுத்தார்.

"நான் கட்டுறேன்" என்று மைதீன் கையை நீட்டினான்.

"நீ எத்தன முடிச்சு போட்டிருக்க?"

"புத்தகத்துல பாத்திருக்கேன்."

சுடலை கயிற்றை வேரைச் சுற்றி இரண்டு சுற்று சுற்றி, உள்ளே விட்டு இழுத்து இறுக்கினார். "சாயங்காலம் ஆனா விமானம் எல்லாத்தையும் காத்துல பறந்துராமத் தரையோட கட்டிப் போடுறது யாருன்னு நெனச்ச? அஞ்சு வருசமா கிளிமூக்கு இந்த முடிச்சுலதான் தூங்குது."

மைதீன் முடிச்சை இழுத்துப் பார்த்தான். மறுபடி இழுத்துப் பார்த்தான். அவிழவில்லை. அவனுக்கு அது ஏமாற்றமாகக்கூட இருந்தது.

ஜெசிந்தா தாண்டினாள். மைதீன் தாண்டினான். திருமேனி இடுப்பில் கயிற்றை மாட்டிக்கொண்டு நடுப்பாறை வரை வந்தான். அங்கே சுளுக்கிய கால் பாசியில் வழுக்கியது. ஆள் சரிந்தான். கயிறு விறைத்தது. அவன் பாறை விளிம்புக்கு வெளியே பாதி உடம்போடு தொங்கினான். குச்சி மட்டும் பல்லிடுக்கில் இருந்தது. கீழே ஒரு கல் உருண்டு போய் விழுந்த சத்தம் கொஞ்சம் கழித்துத்தான் கேட்டது.

"கீழ பாக்காத தம்பி. என்னையப் பாரு" என்றார் சுடலை. சட்டையைக் கழற்றிக் கையில் சுற்றிக்கொண்டு கயிற்றைப் பிடித்தபடியே பாசியில் உட்கார்ந்து நகர்ந்தார். திருமேனியின் இடுப்பு வாரில் கையைக் கொடுத்துத் தூக்கினார். இரண்டு பேரும் ஊர்ந்து அந்தப் பக்கம் வந்து விழுந்தபோது, முடிச்சு போட்ட இடத்திலேயே அசையாமல் இருந்தது.

மைதீன் நோட்டைத் திறந்தான். முதல் பெயரை அழிக்கவில்லை. பக்கத்தில் ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டான். அவனளவில் அது பெரிய மன்னிப்பு.

மத்தியானம் கடமான் பொட்டல் வந்தது. இடுப்பளவு புல், ஓரத்தில் சோலைக்காடு. விமானம் இல்லை.

வேலப்பன் திருமேனியைப் பார்த்தார். சுடலை திருமேனியைப் பார்த்தார். செயலாளர் கேட்ட கேள்வி ஐந்து பேருடைய தலைக்குள்ளும் ஒரே நேரத்தில் ஓடியது. எவனுக்குல வித்த?

"அந்தப் பாறை" என்றான் திருமேனி. "அந்தப் பாறைக்கு மேல ஒரசிக்கிட்டு வந்தேன். எறங்கி, உருண்டு…" அவன் நொண்டிக்கொண்டே ஓடினான். புல்லில் மூன்று கோடுகள், எட்டு நாள் வளர்ச்சியில் பாதி மறைந்து, சோலைக்காட்டை நோக்கிப் போயின. சரிவில் உருண்டு போய் மரங்களுக்கு அடியில் நுழைந்திருந்தது கிளிமூக்கு. மேலே இலைக் கூரை. பச்சை உடம்பு. பக்கத்தில் போய்த் தொடும்வரை தெரியவில்லை.

திருமேனி அதன் வாலைத் தொட்டுக்கொண்டு நின்றான். ஜெசிந்தா வேறு பக்கம் பார்த்தாள்.

"கதவு தெறந்து கெடக்கு" என்றான் மைதீன். "சீட்டுக் கிழிஞ்சிருக்கு. ஹெட்செட்டக் காணோம். நமக்கு முன்னால எவனோ வந்திருக்கான்."

மேலே கிளை அசைந்தது. கருப்பு முகத்தில் வெள்ளைப் பிடரி வைத்த ஒரு சிங்கவால் குரங்கு, கழுத்தில் ஹெட்செட்டோடு, அவர்களைச் சந்தேகமாகப் பார்த்தது.

"அவனையும் பட்டியல்ல போடு" என்றார் வேலப்பன்.

இனிமேல் எல்லாம் ஒழுங்காக நடக்க வேண்டும் என்று ஜெசிந்தா சொன்னாள். வேலப்பன் அரசாங்க ஆள், அவர்தான் சாட்சி. ஒவ்வொன்றையும் அவர் முன்னால் செய்து, படம் எடுத்து, பாட்டிலில் அடைத்து அவர் கையெழுத்து வாங்குவது. திருமேனி இறக்கைமேல் ஏறி மூடியைத் திறந்து குச்சியை விட்டான். பாதிக்கு மேல் நனைந்து வந்தது. இன்னொரு இறக்கையிலும் பாதிக்கு மேல்.

"இருந்துச்சு" என்றான். "நான் சொன்னேன்ல. இருந்துச்சு."

எரிபொருள் தீர்ந்ததால் எஞ்சின் நின்றது என்ற அறிக்கை அந்த இடத்திலேயே செத்தது. ஆனால் நிறைய பெட்ரோலை வைத்துக்கொண்டு எஞ்சின் ஏன் நிற்க வேண்டும்? மைதீனின் கண்கள் மறுபடி சுடலையிடம் போயின.

விமான இறக்கையின் அடியில் ஒரு சிறிய வால்வு உண்டு. குப்பியை வைத்து அழுத்தினால் டேங்க்கின் அடியில் இருப்பது கொஞ்சம் இறங்கும். தண்ணீர் பெட்ரோலைவிடக் கனம், ஆகவே அடியில் தங்கும். குப்பியில் கீழே தண்ணீரும் மேலே பெட்ரோலும் நடுவில் ஒரு கோடுமாகத் தெரியும். விமானப் பெட்ரோலுக்கு நீலச் சாயம் போட்டிருப்பார்கள். ஒவ்வொரு பறப்புக்கும் முன்னால் இதைச் செய்தாக வேண்டும்.

திருமேனி வலது இறக்கையில் குப்பியை வைத்து அழுத்தினான். நிறைந்தது. மரத்தடியிலிருந்து வெளியே வந்து, அதை வானத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தான்.

"கோடு இல்ல. நீலம். சுத்தமான பெட்ரோல். அன்னைக்கும் இப்படித்தான் இருந்துச்சு."

மழை வெறித்த வானம், துடைத்து வைத்தது போல நீலமாக இருந்தது.

சுடலை எழுந்து வந்தார். "தம்பி, அத எங்கிட்டக் குடு." அவர் குப்பியை வாங்கி, விமானத்தின் கதவில் இருந்த வெள்ளைப் பட்டைக்கு முன்னால் பிடித்தார். தன் பாட்டிலையும் பக்கத்தில் பிடித்தார். பாட்டில் நீலம். குப்பியில் நிறமே இல்லை. வாசனை பார்த்தார். மைதீனிடம் நீட்டினார். மைதீன் வாசனை பார்த்தான். ஒன்றும் இல்லை.

"முழுக்கத் தண்ணி" என்றார் சுடலை. "முழுக்கத் தண்ணியா இருந்தாக் கோடு எங்கேர்ந்து வரும்? நீ பாத்த நீலம் ஆகாசம்."

திருமேனி குப்பியைப் பார்த்தான். வானத்தைப் பார்த்தான். பிறகு மெதுவாகத் தரையில் உட்கார்ந்தான்.

தரையில் நிற்கும்போது அடியிலேயே கிடந்த தண்ணீர், மலைக்காற்றில் விமானம் குலுங்கியதும் குழாய்க்குள் போயிருக்க வேண்டும். எஞ்சின் தண்ணீர் குடிக்காது. அதுவரை புரிந்தது. தண்ணீர் எப்படி வந்தது?

"பீப்பாயில மழைத் தண்ணி" என்றான் மைதீன்.

"பாட்டில் அதே பீப்பாதான். இன்னும் வேணும்னா கழகத்து இன்னொரு விமானத்துக்கும் அதுலதான் அடைச்சேன். அது எட்டு நாளா நல்லாப் பறக்குது. இடது டேங்க்கையும் பாரு." இடது இறக்கையில் குப்பி நீலமாக நிறைந்தது. தண்ணீர் வலது பக்கம் மட்டும்தான்.

"அப்ப மூடி வழியா. எவனோ வேணும்னே தெறந்து ஊத்தியிருக்கான்" என்றான் மைதீன். அவன் குரலில் ஒரு நிறைவு இருந்தது. இவ்வளவு பெரிய சந்தேகம் அவனுக்கு இதுவரை வாய்த்ததில்லை.

ஜெசிந்தா குப்பியைப் படமெடுக்கக் கைபேசியை எடுத்தாள். திரை ஒளிர்ந்தது. பக்கத்தில் சாட்சியாக நின்ற வேலப்பன் குனிந்து பார்த்தார்.

"இது இந்த விமானம்தான?"

"ஆமா. நான் மொத மொதத் தனியாப் பறந்த அன்னைக்கு."

"ஒங்க தலைல தண்ணி ஊத்துறாங்க."

"அது எங்க வழக்கம்."

"அது சரி. மேல ஏணில நிக்கிற ஆளு, வாளிய எறக்கை மேல சாச்சு வச்சு ஊத்துறாரே. பக்கத்துல சங்கிலில ஒரு மூடி தொங்குதே, அது எந்த ஓட்டைக்கு மூடி?"

ஜெசிந்தா படத்தை விரித்தாள். ஒன்பது நாளாக ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை பார்த்த படம். அதில் அவள் தன் பல்லை மட்டுமே பார்த்திருந்தாள். வலது இறக்கை. திறந்த துளை. துளையில் குத்தி நிற்கும் அளவுக் குச்சி. இறக்கைமேல் சாய்ந்த வாளியிலிருந்து தண்ணீர் ஒரு பக்கம் அவள் தலைக்கும், மறுபக்கம் துளைக்கும் சமமாக ஓடுகிறது. ஏணியில் நிற்கும் ஆளின் முகம் தெளிவாகத் தெரிந்தது.

எல்லோரும் மைதீனைப் பார்த்தார்கள்.

"அளந்துக்கிட்டு இருந்தேன்" என்றான் மைதீன். "நீ எறங்கி வந்துட்ட. வாளிய மேல தூக்கிக் குடுத்தாங்க. ஏணி அங்கயே இருந்துச்சா…"

"ஒரு வாளிதான" என்றான் திருமேனி.

"ரெண்டு" என்றாள் ஜெசிந்தா. அவள் காது சிவந்திருந்தது. "மொத வாளிக்கு நீ படம் எடுக்க மறந்துட்ட. நான்தான் இன்னொரு தடவ ஊத்தச் சொன்னேன்."

எடுத்தவன் திருமேனி. ஊற்றியவன் மைதீன். கேட்டவள் ஜெசிந்தா. சுடலை அன்று கேன்டீனில் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

மரத்தில் குரங்கு ஹெட்செட்டை ஆட்டியது. மைதீன் தொண்டையைச் செருமினான். "ஒண்ணு யோசிச்சேன். டேங்க்ல பெட்ரோல் இருந்துச்சு, அது போதும் திருமேனிக்கு. தண்ணி எப்படி வந்துச்சுன்னு நமக்குத் தெரியலன்னு சொல்லலாம். படத்த…"

அவன் முடிக்கவில்லை. சுடலை தன் பாட்டிலின் மூடியை இறுக்கிக்கொண்டிருந்தார், அது ஏற்கெனவே இறுகியிருந்தபோதும். தெரியவில்லை என்று சொன்னால் விசாரணை எங்கே போய் நிற்கும் என்று ஐந்து பேருக்கும் தெரியும். பெட்ரோலுன்னா சுடலை.

"நான் விழுந்திருப்பேன்" என்றான் திருமேனி. "காலைல."

ஜெசிந்தா அந்தப் படத்தைத் திருமேனிக்கும் மைதீனுக்கும் சுடலைக்கும் அனுப்பினாள். சிக்னல் இல்லை; வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. "மலைய விட்டு எறங்கினதும் போயிரும். அப்புறம் நான் மட்டும் அழிச்சாலும் பிரயோசனம் இல்ல" என்றாள். மைதீன் நோட்டைத் திறந்து, பட்டியலின் அடியில் ஒரு பெயரை எழுதினான். எழுத்துப் பிழை இல்லாமல், இன்ஷியலோடு.

கிழக்குச் சரிவில் வேலப்பனுக்குத் தெரிந்த ஒரு குறுக்கு வழி இருந்தது. இறங்கும்போது, அதை முன்னமே சொல்லியிருக்கலாமே என்று கேட்டதற்கு, "அப்ப ஒங்கள நம்பல" என்றார்.

வெள்ளிக்கிழமை காலை பத்துக்கு ஏழு நிமிடம் இருக்கையில், சேறும் அட்டைக்கடியுமாக நான்கு பேர் கழக அலுவலகத்துக்குள் நுழைந்தார்கள். அதிகாரி பேனா மூடியைக் கழற்றியிருந்தார். ஜெசிந்தா மேசைமேல் மூன்று பாட்டில்களையும் வேலப்பனின் கையெழுத்தையும் வைத்தாள். கடைசியாகக் கைபேசியை வைத்தாள்.

கேப்டன் மங்களா படத்தை வெகுநேரம் பார்த்தார். செயலாளரும் எட்டிப் பார்த்தார். படத்தின் ஓரத்தில், வாளியை மேலே தூக்கிக் கொடுக்கும் கை ஒன்று தெரிந்தது. அதில் செயலாளரின் தங்க மோதிரம் இருந்தது. அவர் தன் கையை மெல்ல மேசைக்கடியில் இறக்கினார்.

"குச்சிய நம்பாதன்னேன். முள்ள நம்பாதன்னேன்" என்றார் கேப்டன். "வாளியச் சொல்லாம விட்டது என் தப்பு."

நீக்கும் அறிக்கையில் கையெழுத்து விழவில்லை. நின்ற எஞ்சினோடு மலைக்குள் ஒரு கீறலும் இல்லாமல் இறக்கியதற்காகத் திருமேனியின் ஏட்டில் அதிகாரி ஒரு வரி பாராட்டு எழுதினார். வானத்தைப் பெட்ரோல் என்று நினைத்ததற்காக அடுத்த வரியில் ஒரு மாதம் பறக்கக் கூடாது என்றும் எழுதினார். மற்ற இருவருக்கும் அதே ஒரு மாதம். அந்த மாதம் முழுக்க மூவரும் காலை ஐந்தரைக்கு வந்து, சுடலை அண்ணாச்சியின் மேற்பார்வையில், எல்லா விமானங்களின் டேங்க்கிலிருந்தும் குப்பி பிடித்து வெள்ளைக் காகிதத்தின் முன்னால் வைத்துப் பார்த்து, மோந்து பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். சுடலை அவர்கள் பார்த்த பிறகு தானும் ஒரு தடவை மோந்து பார்த்தார்.

இறக்கைகளைக் கழற்றி, ஆட்கள் சுமந்து கிளிமூக்கை மலையிலிருந்து இறக்கி, டிராக்டரில் ஏற்றிக் கொண்டுவர மூன்று வாரம் ஆனது. சாத்தாம்பொட்டலே ரோட்டோரம் நின்று பார்த்தது. டிராக்டருக்கு முன்னால் திருமேனி, கல்யாண மாப்பிள்ளை போல, நொண்டாமல் நடந்து வந்தான். ஹெட்செட் மட்டும் திரும்பி வரவில்லை.

தடை முடிந்து முதன்முதலாக அவன் பறந்த அன்று, புதுப் பெண் ஒருத்தி, பதினெட்டு வயது, முதல் தடவை தனியாகப் பறந்து இறங்கினாள். வழக்கம் நிற்கவில்லை. ஆனால் விமானத்திலிருந்து நூறு தப்படி தள்ளி, வேப்ப மரத்தடிக்கு அவளைக் கூட்டிப் போனார்கள். மைதீன் எல்லா விமானங்களின் மூடியையும் ஒரு சுற்று போய்த் தொட்டுப் பார்த்துவிட்டு வந்து, வாளியைத் தூக்கினான்.

"இருங்கண்ணா" என்றாள் அந்தப் பெண். வாளிக்குள் விரலை விட்டு எடுத்து மோந்து பார்த்தாள். வெள்ளைச் சட்டைக் கையின் முன்னால் ஒரு துளியைப் பிடித்துப் பார்த்தாள்.

"தண்ணிதான். இப்ப ஊத்துங்க."